கடைமடையில் தெரியும் கோளாறு



டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. கார்க்காரர் பட்டறைக்குப் போகிறார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு பின் சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டுகிறார்கள். திரையில் பி0420 என்று வருகிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டது என்று அதற்குப் பொருள். “கன்வெர்ட்டர் போயிடுச்சு சார், மாத்தணும்” என்கிறார் மெக்கானிக். விலை ஐந்து இலக்கத்தில் இருக்கிறது. வேறு வழியில்லாமல் மாற்றுகிறார்கள். சில மாதம் கழித்து அதே விளக்கு மறுபடி எரிகிறது.

இப்போது யாரைத் திட்டுவது? புதிய கன்வெர்ட்டர் மட்டம் என்பார் ஒருவர், பெட்ரோலில் கலப்படம் என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இரண்டும் இல்லை. பழைய கன்வெர்ட்டரைக் கொன்ற கோளாறு இன்ஜினிலேயே உட்கார்ந்திருந்தது, புதியதையும் கொன்றுவிட்டது. எந்த அளவு வரம்பைத் தாண்டியது என்று மட்டும்தான் ஸ்கேனர் சொல்லும். ஏன் தாண்டியது என்று அதற்குத் தெரியாது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி கடைமடை வயலைத் தோண்டிப் பார்ப்பதில்லை. வாய்க்கால் கரையோடு மேலே நடந்துபோய் எங்கே அடைப்பு என்று பார்க்கிறார். புகைக்குழாய்க் கோளாறைக் கண்டுபிடிக்கவும் அந்த நடைதான் வேண்டும். பிளக் கெட்டாலும், பிஸ்டன் ரிங் தேய்ந்தாலும், ஹெட் கேஸ்கட் கசிந்தாலும் கழிவு கடைசியில் வந்து விழுவது கன்வெர்ட்டரின் தலையில்.

இந்தப் பாகம் காருக்குள் வந்த கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1950களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கண் எரிக்கும் புகைமூட்டம் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் புரியவில்லை. நெதர்லாந்தில் பிறந்து கால்டெக்கில் வேலை பார்த்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். அவர்தான் கார்ப் புகையில் இருக்கும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் வினைபுரிந்து அந்த மூட்டத்தை உண்டாக்குவதைக் காட்டினார். அதே காலத்தில் யூஜீன் ஹூட்ரி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டரை உருவாக்கிவிட்டார். ஆனால் அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் வினையூக்கியின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். ஆகவே 1975 மாடல் அமெரிக்கக் கார்கள் வரை அந்தக் கண்டுபிடிப்பு காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு ஈயமில்லாப் பெட்ரோலும் கன்வெர்ட்டர் பொருத்திய புதிய கார்களும் ஒன்றாகவே வந்தன. நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது 2000இல்.

இன்றைய பெட்ரோல் கார் கன்வெர்ட்டரைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது பீங்கான் தேன்கூடு. அதன் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகங்கள் மிக மெல்லிய பூச்சாக இருக்கின்றன. கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் ஆக்ஸிஜனோடு சேர்த்துக் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாற்றுவது ஒரு வேலை. நைட்ரஜன் ஆக்சைடிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து எடுப்பது இன்னொரு வேலை. ஒன்றுக்கு ஆக்ஸிஜன் வேண்டும், மற்றொன்றுக்கு வேண்டாம். இரண்டும் ஒரே பெட்டிக்குள் நடக்க வேண்டுமானால் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற கணக்கு பிசகக் கூடாது. அந்தக் கணக்கைக் காப்பது கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார். பின்னால் இன்னொரு சென்சார் இருக்கிறது. கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று வேவு பார்ப்பதுதான் அதன் முக்கிய வேலை.

ஸ்கேனரில் லைவ் டேட்டா என்ற பகுதியைத் திறந்தால் இருவரும் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கலாம். சாதாரண ஜிர்கோனியா சென்சார் உள்ள காரில் முன் சென்சாரின் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்கும். நல்ல கன்வெர்ட்டருக்குள் சீரியம் ஆக்சைடு என்ற பொருள் உபரி ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்து, குறையும்போது விடுவிக்கும். அதனால் பின் சென்சாரின் கோடு 0.6, 0.7 வோல்ட்டில் ஏறக்குறைய அசையாமல் கிடக்கும். பின் கோடும் முன் கோட்டைப் போலவே ஆட ஆரம்பித்தால் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும் சக்தி போய்விட்டது என்று காரின் கம்ப்யூட்டர் முடிவுகட்டி பி0420 எழுதுகிறது. நிறுத்தியிருந்த காரை ஸ்டார்ட் செய்த உடனே இந்தக் கோடுகளைப் பார்ப்பதில் பயனில்லை. கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி செல்சியஸ் சூடானால்தான் வேலையைத் தொடங்கும்.

பின் கோடு ஆடினாலே கன்வெர்ட்டர் செத்தது என்று தீர்ப்பு எழுதிவிட முடியுமா? முடியாது. பின் சென்சாருக்குப் பக்கத்தில் குழாய் மூட்டு கசிந்தால்கூட அந்தக் கோடு தாறுமாறாகப் போகும். முதலில் செய்ய வேண்டிய சோதனைக்கு ஸ்கேனரே வேண்டாம், காது போதும்.

காலையில் ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து பானெட்டைத் திறந்து கேட்க வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் ‘டிக் டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வந்து, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அதுவும் வேகமெடுத்து, ஐந்து பத்து நிமிடத்தில் இரும்பு சூடாகி விரிந்ததும் காணாமல் போனால் அங்கே கேஸ்கட் கசிகிறது அல்லது மேனிஃபோல்டில் விரிசல். மத்தியானம் வண்டியைக் கொண்டுபோய் “சத்தம் வருது” என்றால் மெக்கானிக்குக் கேட்காது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கசியும் இடத்தைச் சுற்றிக் கரி படிந்திருக்கும், டார்ச் அடித்தால் தெரியும். சூடு ஆறிய பிறகு வேக்குவம் கிளீனரின் காற்றூதும் முனையைச் சைலன்சர் வாயில் துணி சுற்றிப் பொருத்தி, ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி கிளம்பும். டயர் பஞ்சர் பார்க்கும் அதே வேலைதான். செலவு ஒரு பக்கெட் தண்ணீர்.

இந்தச் சிறு கசிவு செய்யும் அட்டூழியம் பெரிது. புகை குழாயில் ஒரே சீராகப் போவதில்லை; துடித்துத் துடித்துப் போகிறது. இரண்டு துடிப்புக்கு இடையில் அழுத்தம் குறையும்போது வெளிக்காற்று அந்த ஓட்டை வழியாக உள்ளே இழுபடுகிறது. முன் சென்சார் அந்த ஆக்ஸிஜனைப் பார்த்து, பெட்ரோல் குறைவு என்று தகவல் சொல்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. ஏற்கெனவே சரியாக எரிந்துகொண்டிருந்த இன்ஜினுக்கு இப்போது தேவைக்கு மேல் பெட்ரோல். மைலேஜ் குறைகிறது, பிளக்கில் கரி பிடிக்கிறது, மிச்சப் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போகிறது. ஸ்கேனரில் வருவதோ பி0171, அதாவது பெட்ரோல் பற்றாக்குறை. இந்தக் கோளாறுக் கோடை (code) நம்பி இன்ஜெக்டரைக் கழட்டிச் சுத்தம் செய்கிறவர்கள் உண்டு. பம்பையே மாற்றுகிறவர்களும் உண்டு.

பொய்ப் பற்றாக்குறையை எப்படிப் பிரித்தறிவது? இங்கேதான் நாம் சடங்காக நினைக்கும் புகைச் சோதனை இயந்திரம் கைகொடுக்கிறது. கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ ஓட்டுகிறது என்பதை ஃபியூயல் டிரிம் என்ற எண் காட்டும். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. டிரிம் கூட்டல் இருபதில் நிற்கிறது, ஆனால் சைலன்சர் வாயில் கார்பன் மோனாக்சைடு அதிகமாக வருகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை என்பது பொய். சென்சாரோ அதற்கு முன்னால் உள்ள குழாயோ கம்ப்யூட்டரை ஏமாற்றுகிறது. கார்பன் மோனாக்சைடும் குறைவாக இருந்தால்தான் பற்றாக்குறை நிஜம். அப்போதும் எங்கே என்று டிரிமே கொஞ்சம் சொல்லும். ஐடிலில் இருபதுக்கு மேல் இருந்து, 2,500 சுற்றுக்கு ஏற்றியதும் நாலு ஐந்துக்கு இறங்கினால் இன்டேக் பக்கம் எங்கோ காற்றுக் கசிவு. சுற்றும் பளுவும் ஏற ஏற டிரிமும் ஏறினால் ஃபியூயல் பம்ப், ஃபில்டர், அல்லது அழுக்கேறிய காற்றளவு சென்சார். காற்றளவு சென்சாருக்குப் பதில் இன்டேக் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள சிறு கார்களில் இந்தக் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. இன்டேக் கசிந்தால் அங்கே ஐடில்தான் ஏறும்.

சோதனை மையத்தில் கையில் கொடுக்கும் சீட்டைப் பெரும்பாலோர் தேதியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறார்கள். பிஎஸ்-4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் என்பது வரம்பு. ஹைட்ரோகார்பன் எகிறி, கார்பன் மோனாக்சைடு சாதாரணமாக இருந்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே வெளியே வருகிறது. கார்பன் மோனாக்சைடு எகிறினால் பெட்ரோல் அதிகம். இரண்டும் குறைவாகவே இருந்து ஆக்ஸிஜன் இரண்டு சதவீதத்துக்கு மேல் வந்தால்? வண்டி உத்தமம் என்று மகிழ வேண்டாம். குழாய் கசிகிறது, அல்லது சோதிப்பவர் அளவுக் குச்சியைச் சைலன்சருக்குள் சரியாக விடவில்லை.

எரியாமல் வரும் பெட்ரோல்தான் கன்வெர்ட்டருக்குப் பரம எதிரி. பட்டறை மொழியில் இன்ஜின் ‘மிஸ் அடிப்பது’. ஒரு சிலிண்டரில் பிளக் பொறி விடாவிட்டால் அந்தப் பெட்ரோலும் காற்றும் அப்படியே கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது. வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டினால் உலோகப் பூச்சு பாழாகிறது. இன்னும் ஏறினால் பீங்கானே உருகிக் கட்டியாகிவிடும். அதனால்தான் மஞ்சள் விளக்கு இரண்டு விதமாக எரிகிறது. நிலையாக எரிந்தால் பட்டறைக்குப் போகலாம், அவசரமில்லை. விட்டு விட்டு மின்னினால் கன்வெர்ட்டர் இந்த நிமிடமே வெந்துகொண்டிருக்கிறது. ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். காரோடு வரும் புத்தகத்தில் இது எழுதியிருக்கிறது. ஆனால் அந்தப் புத்தகம் பிளாஸ்டிக் உறையோடு கிளவ் பாக்ஸில் தூங்குகிறது.

மிஸ் அடிப்பது எந்தச் சிலிண்டர் என்று கோடே சொல்லிவிடும். பி0302 என்றால் இரண்டாவது. காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா என்று சொல்லாது. இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழட்டி மூன்றாவதில் போட்டு, அங்கே இருந்ததை இங்கே போட்டுச் சற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். கோடு பி0303 என்று மாறினால் காயில்தான். மாறாவிட்டால் பிளக்கை இடம் மாற்றிப் பார்க்கலாம். ஒரு ஸ்பேனரும் கால் மணி நேரமும் போதும். நான்கு காயிலையும் மொத்தமாக மாற்றிவிட்டு “இப்ப சரியாகிடுச்சு” என்று சொல்வது நோயைக் கண்டறிந்ததாகாது.

உருகிய பீங்கான் குழாயை அடைத்துக்கொண்டால் அறிகுறி வேறு. பிக்கப் இருக்காது. மேட்டில் கியரை இறக்கினாலும் வண்டி மூச்சு வாங்கும். முன் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழட்டி அந்தத் துளையில் அழுத்த மீட்டரை முறுக்கிப் பார்த்தால் ஐடிலில் ஒன்றரை பிஎஸ்ஐக்குள், 2,500 சுற்றில் மூன்றுக்குள் இருக்க வேண்டும். மீறினால் அடைப்பு. கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் தட்டும்போது உள்ளே கல் உருளும் சத்தம் கேட்டால் தேன்கூடு நொறுங்கிவிட்டது. அப்போதும் மேலே நடக்க வேண்டிய நடை பாக்கி இருக்கிறது. கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறதா? இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறதா? ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் கன்வெர்ட்டரில் படிந்து அதை மெல்லக் கொல்லும். இவற்றைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டுவது பணத்தைச் சைலன்சர் வழியாக விடுவது.

பெட்ரோல் பங்க் பக்கமும் ஒரு வார்த்தை. துப்பாக்கி தானாக ‘டக்’ என்று நின்ற பிறகு “இரண்டாயிரமா ரவுண்ட் பண்ணிடுப்பா” என்று கேட்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. டேங்கிலிருந்து கிளம்பும் ஆவியைப் பிடித்து வைக்கக் கரி நிறைந்த ஒரு டப்பா காரில் இருக்கிறது. கழுத்து வரை நிரப்பினால் ஆவிக்குப் பதில் பெட்ரோலே அந்தக் கரியில் போய் ஊறிவிடும். பெட்ரோல் போட்டவுடன் மட்டும் வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறினால் சந்தேகப்பட வேண்டியது அங்கே.

டீசல் வேறு உலகம். 2020 ஏப்ரலில் இந்தியா பிஎஸ்-5ஐத் தாண்டி நேரே பிஎஸ்-6க்குப் போனபோது டீசல் கார்களில் கரித்துகள் வடிகட்டி வந்தது, டிபிஎஃப் என்பார்கள். சேர்ந்த கரியை அது அவ்வப்போது 600 டிகிரி சூட்டில் தானே எரித்துக்கொள்ளும். அதற்குக் கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, காய்கறி வாங்கித் திரும்பும் வண்டிக்கு அந்த ஓட்டம் கிடைப்பதில்லை. ஐடில் கொஞ்சம் ஏறி, ரேடியேட்டர் ஃபேன் காரணமில்லாமல் ஓடி, மைலேஜ் காட்டும் எண் திடீரென்று சரிந்தால் எரிப்பு நடக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் வீட்டு வாசல் வந்துவிடுகிறது, சாவியைத் திருப்பி அணைக்கிறார்கள். சூடேற்றக் கூடுதலாகத் தெளித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்குகிறது. இப்படிப் பல முறை நடந்தால் டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறும். ஆயில் ஏறிய டீசல் காரில் டிபிஎஃப் விளக்கு எரிந்தால் விசாரணையை அங்கே தொடங்கலாம்.

வடிகட்டி அடைத்திருக்கிறதா என்பதை அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை வைத்தே கம்ப்யூட்டர் கணிக்கிறது. அந்தச் சென்சாருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களில் ஒன்று சூட்டில் வெடித்திருந்தால் கணக்கே தப்பு. வடிகட்டியைக் கழட்டும் முன் அந்தக் குழாய்களைக் கையால் தடவிப் பார்ப்பது புத்திசாலித்தனம். நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியா தெளிக்கும் வண்டிகளில் இன்னொரு விபரீதம்: உர மூட்டை யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவது. வண்டிக்கு வேண்டியது 32.5 சதவீதத் தூய யூரியாக் கரைசல். உர யூரியா நம் நாட்டில் வேப்பெண்ணெய் பூசி வருவது. ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டால் கரைசலின் செறிவு சரியா என்று தெரிந்துவிடும். தெளிப்பு முனையில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் அடுத்து அங்கே பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் கம்ப்யூட்டர் ஏமாறலாம், ஆனால் ஏமாற்றாது என்ற நம்பிக்கையில் சொன்னவை. அந்த நம்பிக்கை உடைந்த கதை அமெரிக்காவில் நடந்தது. ஐரோப்பாவில் டீசல் கார்கள் சாலையில் அதிகப் புகை விடுகின்றன, கடுமையான சட்டமுள்ள அமெரிக்காவில் அப்படி இருக்காது என்று எண்ணிய ஐசிசிடி என்ற அமைப்பு, வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்திடம் சோதனையை ஒப்படைத்தது. டேனியல் கார்டரின் குழுவில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா, மார்க் பெஷ் ஆகியோர் வேலை பார்த்தார்கள். முதல் இருவர் இந்தியாவிலிருந்து படிக்கப் போனவர்கள். ஆய்வகத்தில் உருளைகள் மேல் ஓட்டிப் பார்ப்பதோடு நிற்காமல், புகையை அளக்கும் கருவியைக் காரிலேயே ஏற்றி, அதற்கு மின்சாரம் தர ஒரு ஜெனரேட்டரையும் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியாச் சாலைகளில் ஓட்டினார்கள். ஃபோக்ஸ்வேகன் பஸாட் காரை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரை கொண்டுபோய்த் திரும்பினார்கள்.

மூன்று கார்கள். ஆய்வகத்தில் ஃபோக்ஸ்வேகன் கார்கள் இரண்டும் தேறின. சாலையில் ஜெட்டா, நைட்ரஜன் ஆக்சைடை வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு விட்டது. பஸாட் 5 முதல் 20 மடங்கு. பிஎம்டபிள்யூ எக்ஸ்5 பெரும்பாலும் வரம்புக்குள் இருந்தது. மூன்றையும் அளந்தது ஒரே வகைக் கருவி என்பதால் கருவியைக் குறை சொல்ல முடியவில்லை. நல்ல மெக்கானிக் காயிலை இடம் மாற்றிப் பார்ப்பதும் இந்தத் தர்க்கத்தில்தான். அறிக்கை 2014 மே மாதம் வெளியானது. ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் 2014 டிசம்பரில் கார்களைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றியது. கலிஃபோர்னியா காற்று வாரியம் மறுபடி அளந்தது. அளவு இன்னும் மிகுதியாகவே இருந்தது. புதிய மாடலுக்குச் சான்று தர மறுத்த பிறகுதான் உண்மை வெளிவந்தது. ஸ்டியரிங் திரும்புகிறதா, வேகம் எப்படி மாறுகிறது என்பவற்றை வைத்து, இது சோதனைதான் என்று கார் கண்டுகொள்ளும். அப்போது மட்டும் புகைக் கட்டுப்பாட்டை முழுதாக இயக்கும். 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்க அரசு பகிரங்கமாகக் குற்றம் சாட்டியது. உலகெங்கும் சுமார் 1.1 கோடிக் கார்கள். இந்தியாவில் மட்டும் 3,23,700 கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. அந்தக் கார்களில் இன்ஜின் விளக்கு எரியவே இல்லை. ஸ்கேனர் மாட்டினாலும் ஒரு கோடும் வந்திருக்காது.

அதன் பிறகுதான் சாலையில் ஓட்டி அளக்கும் முறை சட்டத்துக்குள் வந்தது. இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் புதிய கார் மாடல்களுக்கு அது கட்டாயம். ஆனால் அது கார் விற்பனைக்கு வரும்போது. நம் கையில் ஓடும் காருக்கு நடப்பது பழைய புகைச் சோதனைதான். அதில் டீசல் காருக்குக் கரும்புகையின் அடர்த்தியை மட்டும் பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. யூரியாத் தெளிப்பு நின்றுபோன டீசல் கார் அங்கே சுலபமாகத் தேறிவிடும்.

கலிஃபோர்னியாவில் 2000க்குப் பிந்தைய பெட்ரோல் கார்களுக்குச் சைலன்சரில் குச்சி விடுவது பெரும்பாலும் இல்லை. சாக்கெட்டில் இணைத்துக் காரின் கம்ப்யூட்டரையே கேட்கிறார்கள். முந்தின நாள் கோடை அழித்துவிட்டுப் போனால் தப்பிக்க முடியாது. கோடை அழிக்கும்போது கன்வெர்ட்டர், ஆக்ஸிஜன் சென்சார், ஆவித் தடுப்பு ஆகியவற்றைக் கார் தானே சோதித்து முடித்ததற்கான அடையாளங்களும் அழிந்துவிடும். ‘ரெடினெஸ் மானிட்டர்’ என்று அவற்றுக்குப் பெயர். அவை மறுபடி முழுமையடையச் சில நாள் விதவிதமாக ஓட்ட வேண்டும். நம் ஊரில் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் கருவியைச் சாக்கெட்டில் செருகி, செல்போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். தினமும் ஆபீஸ் போய்வந்த வண்டி என்று விற்பவர் சொல்ல, மானிட்டர்கள் எல்லாம் ‘முழுமையடையவில்லை’ என்று காட்டினால், பேட்டரியைச் சமீபத்தில் கழற்றினார்களா என்று முதலில் கேட்கலாம். இல்லை என்றால் யாரோ விளக்கை அணைத்துவிட்டுத்தான் காரைக் காட்டுகிறார்கள். முன்பணம் கொடுக்கும் முன் காலையில் ஆறிய இன்ஜினோடு ஒரு முறை, நெடுஞ்சாலையில் ஒரு முறை ஓட்டிப் பார்க்கக் கேட்பது நல்லது.